காவிரியில் மீனுக்கும் ஒரு கணக்கு வையுங்கள்

காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், தமிழ்நாட்டு நீர்வளத் துறை, மீன்வளத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மாநில எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் இன்றைக்கு எத்தனை கன அடி வந்தது என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்கும். மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது என்பதை டெல்டாவின் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரே சொல்லிவிடுவார். 2007-ல் காவிரி நடுவர் மன்றம் 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) நீரைப் பங்கு பிரித்தபோது, சுற்றுச்சூழலுக்கு என்று 10 டி.எம்.சி.யைத் தனியாக எடுத்து வைத்தது. கடலுக்குப் போவதைத் தடுக்க முடியாத நீர் என்று இன்னொரு 4 டி.எம்.சி. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய நீரை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோதும் அந்தப் பதினாலில் கை வைக்கவில்லை.

நான் கேட்க வந்தது அந்த 10 டி.எம்.சி.யைப் பற்றித்தான். அது எந்த உயிருக்காக, எந்த மாதத்தில், எந்த மதகு வழியாக ஓடுகிறது? ஓடியதால் ஒரு மீனாவது மேலே ஏறியதா? நீருக்கு இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைக்கும் நாம், அந்த நீரை நம்பி இடம்பெயரும் மீனுக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறோம்? ஆற்றில் இத்தனை லட்சம் குஞ்சு விட்டோம் என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் நாட்டு மீன்குஞ்சுகளை ஆற்றில் விடுவது நல்ல வேலைதான். ஆனால் விட்ட குஞ்சு எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. பாத்திரத்திலிருந்து கவிழ்த்ததோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

மீனுக்குள் மின்னணு அடையாளச் சிப் வைத்துப் பின்தொடரும் முறையைக் காவிரிப் படுகைக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இதில் புதுமை எதுவும் இல்லை. பிட் டேக் என்பார்கள். அரிசியைவிடக் கொஞ்சம் நீளமான கண்ணாடிக் குழாய். வழக்கமாக 12 மில்லிமீட்டர். பேட்டரி கிடையாது. ஊசியால் மீனின் வயிற்றறைக்குள் செலுத்திவிட்டால் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும். ஆன்டெனா வைத்த இடத்தை மீன் கடக்கும்போது அந்த ஆன்டெனாவின் மின்காந்தப் புலத்திலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். சுங்கச்சாவடியில் காரின் பாஸ்டேக் வேலை செய்வது போலத்தான். நாய்களின் தோலுக்கடியில் போடும் சிப்பும் இதே குடும்பம். ஒரு சிப்பின் விலை ஓரிரு டாலர்.

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் படுகையில் இதை 1980-களில் தொடங்கினார்கள். ஐடஹோ மாநிலத்தின் மலை ஓடையில் பிறக்கும் சால்மன் குஞ்சு, கடலைப் பார்ப்பதற்குள் ஸ்னேக், கொலம்பியா ஆறுகளில் எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும். கடலில் வளர்ந்து திரும்பும்போது அதே எட்டையும் ஏற வேண்டும். இன்று அந்தப் படுகையில் ஆண்டுக்கு ஏறக்குறைய இருபது லட்சம் மீன்களுக்குச் சிப் போடுகிறார்கள். அணைகளின் மீன் ஏணிகளிலும் குஞ்சுகள் இறங்கும் குழாய்களிலும் ஆன்டெனாக்கள் இருக்கின்றன. ஒரு குஞ்சு எந்த அணையை எந்த நாளில் கடந்தது, இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் திரும்பி வந்ததா என்பதெல்லாம் பொதுத் தரவுத்தளத்தில் இருக்கிறது. பதிவு செய்துகொண்டால் நீங்களும் நானும்கூடப் பார்க்கலாம்.

அதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. கொலம்பியாவின் கழிமுகத்தில் ரைஸ் தீவு என்று ஒரு மணல்திட்டு. அங்கே ஆயிரக்கணக்கில் ஆலாப் பறவைகள் கூடு கட்டின. சிப் தேடும் கருவியைக் கூடுகள் இருந்த மணலில் ஓட்டிப் பார்த்தால், எங்கோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே சிப் போட்ட குஞ்சுகளின் எண்கள் வந்துகொண்டே இருந்தன. பறவை தின்று, செரிக்காத கண்ணாடியைத் துப்பிவிட்டுப் போயிருக்கிறது. அணை மட்டும்தான் எதிரி என்று நினைத்திருந்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் கிடைத்தது. 1999-லிருந்து அந்தப் பறவைகளைக் கடலுக்கு இன்னும் நெருக்கமான ஈஸ்ட் சாண்ட் தீவுக்கு ஈர்த்து நகர்த்தினார்கள். அங்கே அவற்றுக்கு வேறு மீன்களும் கிடைக்கும் என்பதால். கணக்கு இல்லாமல் யாரும் இதை யோசித்திருக்கவே முடியாது.

வழக்குகளிலும் இதே தரவுதான் பேசப்பட்டது. மின்சாரம் எடுக்காமல் எவ்வளவு நீரை அணைமேல் வழியவிட வேண்டும் என்று அங்கே இருபது ஆண்டுக்கு மேலாக நீதிமன்றச் சண்டை. 2005-ல் நீதிபதி ஜேம்ஸ் ரெட்டன் மீன்களுக்காகக் கோடையில் நீரை வழியவிடச் சொன்னார். சண்டை தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. சால்மன் மீண்டுவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். பல இனங்கள் இன்னும் ஆபத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே இரண்டு தரப்பும் எண்களோடு சண்டை போடுகின்றன.

சரி, காவிரிக்கு வருவோம். வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடும் மீனை நம் ஊரில் உல்லம் என்பார்கள். கடலில் வளர்ந்து, வெள்ளக் காலத்தில் ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன். ஒரு காலத்தில் கொள்ளிடம் வழியாகக் காவிரிக்குள் ஏறியது. 1836-ல் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் குறுக்கே அணை வந்தது. அடுத்த தலைமுறையிலேயே மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே, இப்படிப்பட்ட அணைகள் மீன் ஏறும் வழியை மறிக்கின்றன என்று பிரிட்டிஷ் அரசுக்கு எழுதினார். 1934-ல் மேட்டூர் வந்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த சுந்தர ராஜ், மேட்டூர் அணை ஆற்று மீன்வளத்தை என்ன செய்தது, அதிலிருந்து இந்தியா என்ன பாடம் படிக்க வேண்டும் என்று 1941-லேயே ஒரு கட்டுரை எழுதிவைத்தார். உல்லம் அரிதானதற்கு மேட்டூரின் சுவர் ஒரு காரணம் என்றால், கீழே கொள்ளிடத்தில் பருவம் தவறாமல் வந்துகொண்டிருந்த வெள்ளம் குறைந்துபோனது இன்னொன்று. வழி திறந்திருந்தாலும் நீர் சரியான நேரத்தில் வராவிட்டால் உல்லம் வராது.

அதனால்தான் 10 டி.எம்.சி. எந்த மாதத்தில் என்று கேட்கிறேன்.

ஆனாலும் உல்லத்தில் தொடங்காதீர்கள். அது கையில் பிடித்தாலே செதில் உதிர்ந்து செத்துவிடும் மீன். பராக்காவில் 1975-ல் அணை வந்தபிறகு கங்கையில் மேலே ஏறுவது ஏறக்குறைய நின்றுபோன இலிஷை, பராக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அணைக்கு மேலே கொண்டுபோய் விட்டு, சிலவற்றுக்கு எண் கட்டியும் பார்த்துவருகிறது. சிரமமான வேலை. நமக்கு முதலில் வேண்டியது விலாங்கு. கடலில் பிறந்து, ஊசி போன்ற குஞ்சாக முகத்துவாரத்தில் நுழைந்து, ஆண்டுக்கணக்கில் ஆற்றிலும் குளத்திலும் வளர்ந்து, கடைசியில் முட்டையிடக் கடலுக்கே இறங்கும். கெட்டியான உடம்பு, சிப்பைத் தாங்கும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று பேர் வாங்கிய விலாங்கு, உங்கள் இரண்டு துறைகளுக்கும் இதுவரை எதையுமே காட்டவில்லை என்பதுதான் வேடிக்கை.

விலாங்கு விஷயத்தில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை, வெண்டிபாளையம் என்று வரிசையாகக் கதவணை மின்நிலையங்கள் இருக்கின்றன. நீளமான உடம்போடு டர்பைன் வழியாக இறங்கும் விலாங்கு அடிபடும் என்பது ஐரோப்பாவில் நன்றாகத் தெரிந்த விஷயம். மனிதர் தலையிடாமல் இருந்திருந்தால் கடலுக்கு இறங்கியிருக்கும் விலாங்கின் மொத்த எடையில் 40 சதவீதமாவது தப்பிப் போக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் சட்டமே போட்டது. நம் கதவணைகளில் எத்தனை தப்புகின்றன? ஒவ்வொரு கதவணைக்கும் மேலே சிப் போட்டு விட்டு, கீழே தேடினால் சொல்லிவிடலாம்.

அப்புறம் வாய்க்கால்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஜனவரி 28-ல் மூடும் வழக்கம் உழவருக்காக ஏற்பட்டது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தண்ணீரோடு தலைமதகு தாண்டி வாய்க்காலுக்குள் போன மீன், மதகு மூடியதும் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அணைக்கரையில் பிரியும் வடவாறு, வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களின் தலைப்பில் ஆன்டெனா வைத்தால், எத்தனை மீன் உள்ளே போகிறது, அதில் எத்தனை திரும்பி வருகிறது என்று தெரியும். இதற்கு ஏற்ற இடமும் அதுதான். ஏனென்றால் பிட் டேக்கை ஆன்டெனா ஒரு மீட்டர் தூரத்துக்குள்தான் படிக்கும். கொள்ளிடத்தின் அகலத்துக்கு ஆன்டெனா போட முடியாது; குறுகலான மதகுக் கண்ணும் வாய்க்கால் தலைப்பும்தான் கிடைத்த வழி. அகலமான இடங்களுக்கு பேட்டரி உள்ள ஒலி டேக்குகள் உண்டு. 2022-ல் கம்போடியாவில் 300 கிலோ எடையுள்ள திருக்கை ஒன்றுக்கு அப்படி ஒன்றைக் கட்டி மீகாங்கில் விட்டார்கள். அவை விலை அதிகம். பெரிய மீனுக்குத்தான் சரிப்படும்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபிறகு அங்கே புதுக் கதவணை கட்டினீர்கள். அணைக்கரைக்குக் கீழே ஆதனூர் - குமாரமங்கலத்தில் இன்னொன்று. கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்க அது வேண்டும் என்கிறீர்கள். டெல்டாக்காரன் அதை மறுக்க மாட்டான். ஆனால் கடலிலிருந்து வரும் மீனுக்கு எதிர்ப்படும் முதல் கதவும் அதுவே. அதில் மீன் ஏற வழி இருக்கிறதா, இருந்தால் மீன் அதைப் பயன்படுத்துகிறதா என்று பொதுவில் சொல்லுங்கள். கான்கிரீட் போடும்போதே ஆன்டெனாவுக்கு ஒரு சட்டகம் பதித்துவைப்பது மொத்தச் செலவில் ஒன்றுமே இல்லை. கட்டி முடித்தபிறகு உடைத்துப் பதிப்பதுதான் செலவு.

யார் செய்வது என்ற கேள்வி வரும். பவானிசாகரில் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெங்களூரில் அந்த மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. மேட்டூர்ப் பரிசல்காரர்களும் கொள்ளிடத்து வலைக்காரர்களும் இல்லாமல் இது நடக்காது. பிடித்த மீனில் சிப் இருந்தால் கொண்டுவந்து கொடுப்பவருக்கு உடனே, அங்கேயே பணம் கொடுங்கள். விண்ணப்பம், ரசீது, அடுத்த மாதம் வாருங்கள் என்றால் ஒரு சிப்பும் திரும்பி வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் ரகசியம் காக்க வேண்டும். காவிரிப் படுகைக்கே உரிய பெரிய கெண்டை மீனான திமில் மாசீர், அற்றுப்போகும் விளிம்பில் இருக்கிறது. மாயாற்றில் இன்னும் மிச்சமிருக்கிறது. அதற்குச் சிப் போட்டால் இருப்பிடத்தை உடனுக்குடன் வெளியிடாதீர்கள். ஆற்றில் தோட்டா வெடித்து மீன் பிடிக்கிறவனும் இணையம் பார்க்கிறான். மற்ற எல்லாத் தரவும் திறந்தே இருக்கட்டும், கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து. ஆணையத்தில் நான்கு பேருமே உறுப்பினர்கள்தானே. நீர் அளவில் ஒருவரையொருவர் நம்பாதவர்கள், மீனின் எண்ணிக்கையிலாவது ஒரே பட்டியலைப் பார்க்கலாம்.

ஆணையத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். மூன்று இடம் போதும்: ஆதனூர் - குமாரமங்கலம், அணைக்கரையின் வாய்க்கால் தலைப்புகள், மேட்டூருக்குக் கீழே ஒரு கதவணை. ஒரு மீன்: விலாங்கு. அடுத்த ஜூன் 12-க்கு முன் ஆன்டெனா நீரில் இறங்கிவிட்டால், ஜனவரி 28-ல் மதகு மூடும்போது முதல் பட்டியல் கையில் இருக்கும். அதைத் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கொள்ளிடக் கரையிலிருந்து ஒரு வாசகன்