சிறு மீன்களை உள்ளிழுக்கும் ஃபில்டர் குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மீன்தொட்டி ஃபில்டரின் உறிஞ்சுகுழாய்

ஐயா / அம்மையீர்,

தொட்டியின் விளிம்பில் தொங்கும் உங்கள் ஃபில்டரை நான் வாங்கியதற்கு ஒரே காரணம், ‘மிகச் சிறிய மீன்களுக்கும் பாதுகாப்பானது’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததுதான். நான் வளர்ப்பது சில்லி ராஸ்போரா என்னும் சிவப்பு நிறச் சிறு மீன். நன்கு வளர்ந்த மீனே ஏறக்குறைய 2 செ.மீ. நீளம்தான்.

ஃபில்டரை மாட்டிய மறுநாள் காலை, 14 மீன்களில் மூன்றைக் காணவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு உறிஞ்சுகுழாயைக் கழற்றினேன். ஒன்று அதன் வாயிலுள்ள பிளவில் தலை செருகிச் செத்துக் கிடந்தது. சிவப்பு முழுக்க வெளுத்துப்போய், விலாவில் ஓடும் கருங்கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. மற்ற இரண்டும் ஃபில்டர் பெட்டிக்குள் பஞ்சின்மேல் கிடந்தன. அளந்து பார்த்தேன்: பிளவின் அகலம் 3 மி.மீ. அந்த மீனின் உடல் அதைவிட ஒடுக்கமானது. இதை விற்பதற்கு முன் உங்களில் யாருமே அளந்து பார்க்கவில்லையா?

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், நோயுற்ற மீன்தான் குழாயில் சிக்கும் என்றார். இதை என்னால் ஏற்க முடியாது. அன்றே நீரைச் சோதித்தேன். மீன்களுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். முந்தைய மாலைதான் எல்லா மீன்களும் ஆர்டீமியா என்னும் நுண்ணிய இறால் போன்ற உயிரியின் குஞ்சுகளைத் துரத்தித் துரத்தித் தின்றன. இதே தொட்டியில் காற்று பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தவரை ஒரு மீன்கூடச் சாகவில்லை. போர்னியோ தீவின் சதுப்புக்காடுகளில், அசைவே தெரியாத கருந்தேநீர் நிற நீரில் வாழும் இனம் இது. இழுவிசையை எதிர்த்து நீந்தும் பலம் அதற்குக் கிடையாது. வேகத்தைக் குறைக்கும் திருகையும் நான் மிகக் குறைந்த வேகத்துக்குத்தான் திருப்பி வைத்திருந்தேன்.

மீதமிருந்த 11 மீன்களும் நான்கு நாள் பாசிக்குப் பின்னாலேயே பதுங்கியிருந்தன. ஒன்றாகத் திரும்பி ஒன்றாக ஓடும் அந்தக் கூட்டம் கலைந்துபோயிருந்தது.

குழாயின் வாயில் விரலளவு ஸ்பாஞ்சை நூலால் கட்டினேன். அதன் பிறகு ஒன்றும் சாகவில்லை. இந்தச் சிறு துண்டை நீங்களே பெட்டிக்குள் வைத்திருக்கலாம்.

எனவே பணத்தைத் திருப்பித் தாருங்கள். ஸ்பாஞ்ச் உறை சேர்க்கும்வரை ‘மிகச் சிறிய மீன்களுக்கும் பாதுகாப்பானது’ என்ற வாசகத்தைப் பெட்டியிலிருந்து நீக்குங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு உறையை இலவசமாக அனுப்புங்கள். ரசீதும், பிளவின்மேல் அளவுகோல் வைத்து எடுத்த படங்களும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்