நடந்தால் மட்டும் போதாது, காலில் வலு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் நலம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கடைசியில் "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நடப்பது நல்லதுதான், சர்க்கரைக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது, நாலு பேரைப் பார்த்துப் பேசினால் மனசுக்கும் நல்லது. ஆனால் வயதானவர்கள் கீழே விழாமல் இருக்க நடை மட்டும் போதாது. இதைப் பத்திரிகைகள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு ஒன்று 25 நாடுகளில் நடந்த 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் பங்கெடுத்த முதியவர்கள் 23 ஆயிரத்துக்கும் மேல். உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது ஏறக்குறைய கால்வாசி குறைந்திருந்தது. தடுமாறாமல் நிற்கப் பழக்கும் பயிற்சியோடு கால் தசைக்கான பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்தது. வெறும் நடைப்பயிற்சியால் விழுவது குறையும் என்று உறுதியாகச் சொல்ல அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். ராத்திரி பாத்ரூமுக்கு அவசரமாக எழும்போது, வாசல்படி இறங்கும்போது, யாரோ கூப்பிட்ட குரலுக்குச் சட்டென்று திரும்பும்போது, கால்மிதியில் கால் சிக்கும்போது, இப்படித்தானே நம் வீடுகளில் பெரியவர்கள் விழுகிறார்கள். அந்த ஒரு நொடியில் உடம்பைத் தாங்கிப் பிடிக்கத் தொடையிலும் கணுக்காலிலும் வலு இருக்க வேண்டும், அந்த வலு சமதளத்தில் மெதுவாக நடப்பதால் மட்டும் வந்துவிடாது.

என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நன்றாகவே செய்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரைச் சீட்டைக் கொடுத்து "இனிமே விழாம பாத்துக்குங்க" என்றார்கள், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது, "நீங்க உக்காருங்கம்மா, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று காபியும் தண்ணீரும் இருக்கும் இடத்துக்கே போகும், உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை கரையும், சதை கரைந்தால் எழவே பயம் வரும், பயம் வந்தால் இன்னும் உட்கார்ந்துவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் அது அவர்களை மறுபடி விழும் நிலைக்குக் கொண்டுபோய் விடுகிறது.

அப்புறம் வீட்டுக்கு வந்த ஒரு இயன்முறை மருத்துவர்தான் வழி காட்டினார். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் மெல்ல உயர்த்தி இறக்குவது, பிறகு குதிகாலில் நின்று முன்பாதத்தைத் தூக்குவது. சுவரோரம் போட்ட கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. முதலில் அம்மா இரண்டு கையையும் ஊன்றி முக்கிக்கொண்டுதான் எழுந்தார், பிறகு ஒரு கை போதும் என்றானது, அதன்பின் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டே எழுந்தார். சுவரைத் தொட்டபடி அடிமேல் அடி வைத்து, ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரலைத் தொடுகிற மாதிரி நடப்பதும் உண்டு. இதற்கு ஜிம் வேண்டாம், பணம் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் போதும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சமாச்சாரமும் இல்லை. நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தினர் 1990-களிலேயே வீட்டில் செய்யும் பயிற்சித் திட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். 80 வயது தாண்டிய பெண்களை வைத்து நடத்திய முதல் ஆய்வின் முடிவு 1997-இல் வந்தது. பயிற்றுநர் வீட்டுக்கு வந்து சில முறை சொல்லிக்கொடுப்பார், நடுவில் போனில் விசாரிப்பார், கணுக்காலில் சிறிய எடையைக் கட்டிக்கொண்டு வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் பயிற்சி. நடையும் அதில் உண்டு, கூடுதலாக. இந்தத் திட்டத்தில் விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

நம் மாநிலத்தில் இதைச் செய்ய ஆள் இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கிறார்கள், தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் கிடைக்கிறது. படுத்த பிறகு போகும் அந்த உதவி படுப்பதற்கு முன்பே போகட்டும். மாத்திரை கொடுக்க வரும்போதே பெரியவரை நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லிப் பார்க்கலாம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள், அப்படிப்பட்டவர்களின் பட்டியல் இயன்முறை மருத்துவருக்குப் போகட்டும். மாவட்டந்தோறும் அரசு அமைத்த 8 கிலோமீட்டர் சுகாதார நடைபாதைகளிலும் காலையில் ஒரு பயிற்றுநர் பத்து நிமிடம் இதைச் சொல்லிக்கொடுக்கலாமே.

தலைசுற்றல் உள்ளவர்கள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். கண் பரிசோதனையும் தள்ளிப்போடக் கூடாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் இந்தப் பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் ஒருவரை வைத்துப் படத்துடன், கண்ணாடி போட்டவர்களும் சிரமப்படாமல் படிக்கிற பெரிய எழுத்தில் ஒரு முழுப் பக்கம் போடுங்கள். வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ள வசதியாக, பின்பக்கம் விளம்பரம் இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை