பிரேக் தேயாது, துருப்பிடிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சாரக் கார்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை நொடியில் நூறைத் தொடும் என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகின்றன. கோடிக்கு மேல் கொடுத்து போர்ஷே டைகான், மெர்சிடிஸ் இ.க்யூ.எஸ்., பி.எம்.டபிள்யூ. ஐ7 என்று வாங்க நினைப்பவர்கள் குமரி மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குழப்பம் வருவது புக்கிங்கின்போது, ஆப்ஷன் பட்டியலை நீட்டும் இடத்தில்தான். அந்தப் பட்டியல் ஐரோப்பாவின் குளிரை மனதில் வைத்துப் போட்டது. உப்புக்காற்றடிக்கும் நம்மூருக்கு அதை அப்படியே எடுத்தால் காசும் வீண், பிரேக்குக்கும் கேடு.

"இந்தக் காருக்கு பிரேக் பேட் செலவே கிடையாது" என்பது விற்பனையாளர்கள் வழக்கமாகச் சொல்வது. பாதி உண்மை. பெடலை மிதித்ததும் முதலில் வேலை செய்வது, சக்கரத்தோடு சுற்றும் தட்டான டிஸ்கின் மேல் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிபர் அல்ல, மோட்டார். அது ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது, கிடைக்கும் கரன்டை பேட்டரிக்கு அனுப்புகிறது. இதைத்தான் ரீஜென் என்கிறோம். அன்றாட ஓட்டத்தில் பத்தில் ஒன்பது தடவை டிஸ்கைத் தொடாமலே டைகான் வேகத்தைக் குறைத்துவிடும் என்பது போர்ஷேயின் கணக்கு. 2,400 கிலோ எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 0.16 யூனிட். நிறுத்தும்போது அதில் அறுபது சதவீதம் திரும்பினாலும் இன்னொரு அரை கிலோமீட்டர் ஓடலாம்.

மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. டிஸ்க் வார்ப்பிரும்பு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கச்சான் எனும் மேல்காற்றடிக்கும் ஆனி, ஆடியில் ஒரு ராத்திரி வெளியே நிறுத்தினாலே காலையில் டிஸ்க் செம்மண் பூசியதுபோல் இருக்கும். பெட்ரோல், டீசல் காரில் முதல் நாலைந்து பிரேக்கிலேயே பேட் அதைச் சுரண்டித் தள்ளிவிடும். மின்சாரக் காரில் பேட் டிஸ்கைத் தொடுவதே அபூர்வம் என்பதால் துரு அங்கேயே தங்குகிறது. ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டால் படலம் தடித்து, டிஸ்கில் அம்மைத் தழும்புபோல் குழி விழும். பின்சக்கரத்துக்குத்தான் முதலில் வரும், அங்கே பிரேக் வேலை இன்னும் குறைவு. அதிலும் உள்பக்க முகம்தான் முதலில் கெடும். வெளியிலிருந்து பார்த்தால் டிஸ்க் கண்ணாடிபோல் மின்னும், உள்பக்கம் முழுக்கத் துருவாக இருக்கும். டயரை இடம் மாற்றிப் போடும்போதெல்லாம், அதாவது 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, டார்ச் அடித்து உள்முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றை பிஸ்டன் காலிபர் என்றால், அது சறுக்கி நகரும் ஸ்லைடு பின்னைக் கழற்றித் துடைத்து சிலிகான் கிரீஸ் வைக்க வேண்டும். சாதா கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதிப் பின் இறுகிவிடும். பேட் விலகாமல் உரசி, ஒரு சக்கரம் மட்டும் சூடாகும்.

வாராவாரம் டிஸ்கைச் சுத்தம் செய்ய ஒரு வழி உண்டு. காவல்கிணறு தாண்டி நான்கு வழிச்சாலையில், பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, 80இலிருந்து 20 வரை அழுத்தமாகப் பிடியுங்கள். இடையில் அரை கிலோமீட்டர் ஓடவிட்டு ஆறு தடவை செய்தால் போதும். மெதுவாக மிதித்தால் பயனில்லை. டைகானில் 0.39 ஜி வரை, அதாவது புவியீர்ப்பில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு வேகக்குறைவு வரை, மோட்டாரே தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் மிதித்தால்தான் பேட் கடிக்கும். இதைவிடச் சுலபமான உபாயம், 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிய காலையில் இதைச் செய்வது. பேட்டரியில் இடமில்லாததால் ரீஜென் ஒதுங்கிக்கொள்ளும், பேட் தானாக வேலைக்கு வரும். காரைக் கழுவியதும் அப்படியே நிறுத்தாதீர்கள். பார்க்கிங் பிரேக் தானாக விழுந்து, ஈரப் பேட் டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, நாலு முறை பிரேக் பிடித்துக் காயவைத்த பிறகு நிறுத்துங்கள்.

இந்த நோக்கில் பார்த்தால், கடற்கரைக்காரர்கள் பணம் போட வேண்டிய ஆப்ஷன் பிரேக்தான். போர்ஷேயில் மூன்று வகை உண்டு: சாதா வார்ப்பிரும்பு, டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க், இது 2017இல் கயேன் காரில் வந்தது, வெள்ளைக் காலிபரை வைத்து அடையாளம் காணலாம், மூன்றாவது செராமிக், காலிபர் மஞ்சள். பூச்சு டிஸ்க் சுலபத்தில் துருப்பிடிக்காது, கரித்தூளும் மிகக் குறைவு. நம்மூருக்கு அதுவே போதும். செராமிக் துருப்பிடிக்கவே பிடிக்காது, எடையும் வார்ப்பிரும்பில் பாதிதான். ஆனால் பல லட்சம் கூடுதல். அதன் பலன் பந்தயத் தளத்தில் தெரியும், வடசேரி நெரிசலில் தெரியாது.

செராமிக்குக்கு இன்னொரு எதிரி பஞ்சர் கடை. ரிம்மைக் கழற்றும்போதோ மாட்டும்போதோ டிஸ்கின் ஓரத்தில் இடித்தால் சில்லு பெயரும். அந்த டிஸ்கைக் கடைசல் பிடித்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். இதற்காகவே திருகி மாட்டும் வழிகாட்டிப் பின் உண்டு. சக்கர போல்ட்டில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டு முதலில் அந்தப் பின்னைத் திருகி, அதன் மேல் சறுக்கித்தான் ரிம்மை வெளியே இழுக்க வேண்டும். ஜாக்கி வைப்பதிலும் கவனம். அடிப்பக்கம் முழுக்க பேட்டரிப் பெட்டி. ஓரத்தில் குறித்திருக்கும் நான்கு இடங்களில் மட்டுமே, ரப்பர் கட்டை வைத்துத் தூக்க வேண்டும். கை போன இடத்தில் வைத்தால் பெட்டி நசுங்கும். அதற்கு ஆகும் செலவின் முன் டயர் செலவு ஒன்றுமில்லை.

டிரம் பிரேக் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபோக்ஸ்வாகன் ஐ.டி.4, ஆடி க்யூ4 இ-ட்ரான் கார்களுக்குப் பின்னால் டிரம்தான் போட்டிருக்கிறார்கள். மூடியிருப்பதால் சுலபத்தில் துரு பிடிக்காது, பின்னால் வேலையும் குறைவு. செலவை மிச்சம் பிடிக்க மட்டும் செய்ததல்ல.

ரிம் விஷயத்தில் சின்னதே நல்லது. 21 அங்குலம் பார்க்க அழகு. ஆனால் டயரின் பக்கச்சுவர் விரல் அளவுதான். மழைக்குப் பிறகு தக்கலை, மார்த்தாண்டம் பக்கக் குழியில் ஒருமுறை இறங்கினால் ரிம் வளையும், டயரில் கொப்புளம் வரும். ரேஞ்சும் குறையும். 19 அல்லது 20 போதும். பெரும்பாலான மாடல்களில் ஸ்டெப்னி கிடையாது, பசை டப்பாவும் காற்று பம்பும்தான். பக்கச்சுவர் கிழிந்தால் பசை ஒன்றும் செய்யாது. ஸ்டெப்னி ஆப்ஷன் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. சீட் சூடாக்கி வேண்டாம். காற்று வரும் சீட் கட்டாயம். கேபினைச் சூடாக்கும் ஹீட் பம்புக்கு இங்கே வேலையில்லை. கண்ணாடிக் கூரை, வெயில் மறைப்பு இல்லாவிட்டால் சித்திரை மாதத்துத் தண்டனை. ஏர் சஸ்பென்ஷன் எடுங்கள், தெருவுக்குத் தெரு நாமே கட்டி வைத்திருக்கும் வேகத்தடைகளில் காரைத் தூக்கிக் கடக்கலாம். இ.க்யூ.எஸ்ஸில் 10 டிகிரி திரும்பும் பின்சக்கர ஸ்டியரிங் கோட்டாறு சந்துகளில் காசுக்கு வேலை செய்யும். 22 கிலோவாட் வீட்டு சார்ஜிங் வேண்டாம். ஒற்றை பேஸில் 7.4 கிலோவாட்டே இரவு முழுக்க ஏற்றினால் 70 யூனிட் வரும். களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரிக்கு 60 கி.மீ.க்குள்தானே.

மலையிறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொன்முடிக்கு இங்கிருந்து போகிறவர்கள் அதிகம். 22 கொண்டை ஊசி வளைவுகள், உயரம் 1,100 மீட்டர் அளவில். 2,400 கிலோ கார் 1,000 மீட்டர் இறங்கினால் 6.5 யூனிட் ஆற்றல் வெளிப்படும். டயர் உராய்வு, மோட்டார் நஷ்டம் போக 4 யூனிட்டாவது பேட்டரிக்கு வரும். மேலே தங்கி முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால் அந்தக் கரன்டுக்கு பேட்டரியில் இடமில்லை. பாரம் முழுக்க பேட் மேல் விழும், வாடை வரும். மலை உச்சியில் சார்ஜை 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெடல் உணர்வு எல்லாக் காரிலும் ஒன்றல்ல. பல மாடல்களில் 10 கி.மீ. வேகத்துக்குக் கீழே வரும்போது மோட்டார் விலகி பேட் பொறுப்பேற்கும், அந்தக் கைமாற்றத்தில் ஒரு சின்ன வெட்டு தெரியும். மெர்சிடிஸ் இ.க்யூ. வகைகளில் ரீஜென் கூடும்போது பெடல் தானாகக் கீழே இறங்கும்; பழுதல்ல, அமைப்பே அப்படி. பெடலுக்கு அடியில் கால் வைக்காதீர்கள். பலமான ரீஜெனில் ஆக்சிலரேட்டரை விட்டாலே கார் வேகம் குறையும். பின்னால் ஒட்டி வரும் பைக்காரருக்கு அது புரியாது. வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் (மணிக்கு சுமார் 4.7 கி.மீ.) குறைந்தால் பிரேக் விளக்கு எரிந்தாக வேண்டும் என்பது ஐ.நா. வாகன விதி, அதற்குக் கீழே எரியாமலும் போகலாம்.

கடைசியாக பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறினால் தரம் ஏற்கும் எல்லையே 155 டிகிரிதான். கி.மீ. ஓடவில்லை என்று விட்டுவிடாமல் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டைகானுக்கு பேட் தேயாவிட்டாலும் 6 ஆண்டில் மாற்றச் சொல்கிறது போர்ஷே. பழைய டைகான் வாங்குகிறவர்கள், முன் பிரேக் ஹோஸில் (பிரேக் ஆயில் போகும் குழாயில்) விரிசல் வரலாம் என்று 2024இல் கம்பெனி திரும்ப அழைத்த வேலை அந்தக் காரில் முடிந்ததா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கார் பிரேக் பணியாளர்,
வெட்டூர்ணிமடம், நாகர்கோவில்.