இங்கிலாந்தின் ஸ்விண்டனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதிய கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் "சாப்பிட்டாயா" என்பதோடு முடிந்துவிடுகிறது, அதனால் நானும் கடிதமாகவே எழுதுகிறேன். குளிர்தான் ஆளைத் தின்கிறது. மற்றபடி நலம்.

இங்கே வண்டி ஓட்டுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் தெருமுனையில் சிக்னலும் இல்லை, போலீசும் இல்லை. ரோட்டில் வாசல் கோலம் அளவுக்கு வெள்ளைப் பெயிண்டில் ஒரு வட்டம், அவ்வளவுதான். மினி ரவுண்டானா. வலப்பக்கமிருந்து வருகிறவனுக்கு வழிவிட வேண்டும், 1966லிருந்து இந்த நாட்டில் அதுதான் விதி. வட்டத்தைச் சுற்றித்தான் போக வேண்டும், மேலே ஏற்றக் கூடாது. உங்கள் லாரி மாதிரி வளைக்கவே முடியாத வண்டிக்கு மட்டும் விலக்கு. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் கார் வந்துவிட்டால் நாலு பேரும் நின்று "நீ போ, நீ போ" என்று கையசைப்பார்கள், ஹார்ன் சத்தமே கேட்காது. பக்கத்து வீட்டுக் கிழவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வட்டத்தின் மேல் ஏற்றுகிற வண்டி நம்பரையெல்லாம் நோட்டில் எழுதுகிறார். யாரிடம் கொடுப்பாரோ தெரியாது. இதே ஊரில் 1972இல் இப்படி ஐந்து வட்டங்களை வளையமாகச் சேர்த்துப் போட்டார்கள், அவற்றுக்கு நடுவே இருக்கும் வட்டத்தை மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும்!

போனில் வழி சொல்லும் குரலுக்குத்தான் இது பிடிபடவில்லை. எதிரே நேர் ரோடு தெரியும்போது "ரவுண்டானாவில் இரண்டாவது வழி" என்கிறது. இரண்டு வட்டம் ஒட்டினாற்போல் இருந்தால் முதலாவதைத் தாண்டிய பிறகே அடுத்ததைச் சொல்கிறது. சில நேரம் அங்கேயே யு-டர்ன் அடி என்கிறது, இங்கத்திய ரூல் புத்தகமோ அதைத் தவிர்க்கச் சொல்கிறது. எண்ணிக்கை எதற்கு? "நேரே போ, வலப்பக்கம் பார்த்துக்கோ, உடனே இன்னொரு வட்டம் வருது" என்றால் போதாதா?

ராத்திரியில் பார்சல் கொடுக்கப் போகிறேன், சும்மா கைச்செலவுக்குத்தான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். சில ராத்திரி அந்தக் குரலை அணைத்துவிடுவேன். பள்ளிக்கூட லீவில் கிளீனர் சீட்டில் உட்கார வைத்து "லெஃப்ட்ல பாருடா, வண்டி வருதா" என்று கேட்பீர்களே, நானும் பெரிய மனுஷன் மாதிரி "இல்லப்பா, போலாம்" என்பேனே. அப்படி யாராவது கேட்டால் தேவலை என்றிருக்கும்.

சரி, அது கிடக்கட்டும். கிணற்றுப் பங்கு விஷயத்தில் சர்வேயர் வந்து அளக்காமல் பெரியப்பா நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மாமாவுக்குத் தர வேண்டியதைத் தை பிறந்ததும் அனுப்புகிறேன், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். சின்னவள் காலேஜ் ஃபீசுக்குக் கடைசித் தேதி என்றைக்கு? அப்புறம், கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், சித்தப்பாவைத் துணைக்குக் கூட்டிப்போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்