இரண்டு கோடு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செக் திருட்டு பற்றி ஏதாவது செய்தி வந்தால், "கிராஸ் செய்த செக்கையே பணமாக்கிவிட்டார்களாமே, அது எப்படி?" என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பார்கள். வேலைக்காலத்தில் பெரும்பகுதி, வங்கிகளுக்கிடையே செக்குகளைப் பரிமாறிப் பணம் தீர்க்கும் கிளியரிங் பிரிவில் இருந்தவன் நான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட உங்கள் பத்திரிகைக்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கிராஸ் செய்வது (கிராசிங்) என்று செக்கின் இடது மூலையில் நாம் இழுக்கும் இரண்டு சாய்வுக் கோடுகளுக்கு ஒரே வேலைதான். கவுண்ட்டரில் நீட்டி ரொக்கமாக வாங்க முடியாது. ஏதோ ஒரு வங்கிக் கணக்கு வழியாகத்தான் பணம் போக வேண்டும். அது யாருடைய கணக்கு என்பதைப் பற்றி அந்தக் கோடுகளுக்குக் கவலை இல்லை. பெயருக்கு அடுத்து அச்சாகியிருக்கும் 'ஆர் பேரர்' (அல்லது கொண்டுவருபவருக்கு) என்பதை அடிக்காமல் விட்டால், செக்கைக் கையில் வைத்திருப்பவர் தன் கணக்கிலேயே போட்டுக்கொள்ளலாம்.

ஒரு பெரியவர் பாஸ்புக்கோடு வந்து சத்தம் போட்டது நினைவிருக்கிறது. "கோடு போட்டுத்தானே சார் கொடுத்தேன், எவனோ எப்படி எடுத்தான்?" செக்கை எடுத்துப் பார்த்தோம். மூலையில் கொசுக்கால் மாதிரி இரண்டு சின்னக் கோடுகள், நடுவில் ஓர் எழுத்துகூட இல்லை. பேரர் என்ற சொல் அப்படியே இருந்தது. வங்கியின் செக் பெட்டியில் போட்ட செக்கை யாரோ உருவி, வேறொரு வங்கியில் தன் கணக்கில் கட்டியிருக்கிறான். நாங்கள் பாஸ் செய்ததில் சட்டப்படி தப்பில்லை. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

அந்தக் கோடுகளுக்கு நடுவே 'அக்கவுண்ட் பேயீ ஒன்லி' என்று எழுதி, பேரரையும் அடித்திருந்தால் கதை வேறு. வேடிக்கை என்னவென்றால், 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் கிராசிங் பற்றி வரிசையாகப் பிரிவுகள் இருந்தும், இந்த வார்த்தைகள் அதில் இல்லை. வங்கி வழக்கமும் ரிசர்வ் வங்கியின் உத்தரவும்தான் இதற்குப் பலம். பெயர் எழுதப்பட்டவரைத் தவிர வேறு யார் கணக்கிலும் அப்படிப்பட்ட செக்கை வரவு வைக்கக் கூடாது என்பது உத்தரவு. அப்புறம் திருடன் என்ன செய்வான்? அதே பெயரில் கணக்கு தொடங்க வேண்டும். அதற்கு அடையாள ஆவணங்கள், போட்டோ எல்லாம் கொடுத்தாக வேண்டும். பாதிப் பேர் அங்கேயே விலகிவிடுவார்கள்.

கிராசிங்கைச் செக் கொடுப்பவர்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. கோடு இல்லாத செக் கைக்கு வந்தால், வாங்கியவரே கிராஸ் செய்யலாம். கோடு மட்டும் இருந்தால் 'நாட் நெகோஷியபிள்' என்று சேர்க்கலாம். அதே சட்டத்தின் 125ஆவது பிரிவு இதை அனுமதிக்கிறது. இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 'நாட் நெகோஷியபிள்' என்று எழுதிய செக்கைத் திருடன் ஒரு கடைக்காரரிடம் தள்ளிவிட்டாலும், விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கிய அந்தக் கடைக்காரருக்குத் திருடனுக்கு இருந்ததைவிடக் கூடுதல் உரிமை எதுவும் வராது. உண்மையான உரிமையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

பேனாவால் எழுதியதை ரசாயனம் வைத்து அழிக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். பெயரையும் தொகையையும் அழிக்கிறவன் கிராசிங்கை மட்டும் விட்டுவைப்பானா? இதற்காகத்தான் 2021 ஜனவரியில் 'பாசிட்டிவ் பே' வந்தது. தேதி, பெயர், தொகை ஆகியவற்றை நாம் முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவித்துவிட்டால், செக் வரும்போது ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ரிசர்வ் வங்கி அதை வகுத்தது 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்குத்தான். பெட்டிகளில் விழும் சின்னச் சின்னச் செக்குகளுக்குக் காவல் அந்தக் கோடும் எழுத்தும் மட்டுமே.

ஆகவே என் கோரிக்கை இது. சேமிப்புக் கணக்குக்குத் தரும் செக் புத்தகத்திலேயே 'அக்கவுண்ட் பேயீ' கிராசிங்கை அச்சடித்துத் தரட்டும். 'ஆர் பேரர்' என்பதை எடுத்துவிடட்டும். நிறுவனங்களுக்கு இப்படி அச்சடித்துக் கொடுப்பது புதிதல்ல. அச்சு மையை அழிப்பது பேனா மையை அழிப்பதுபோல் எளிதும் அல்ல. தன் கணக்கிலிருந்து ரொக்கம் எடுக்கச் செக் வேண்டும் என்பவருக்குச் சாதாரணத் தாள்கள் கொண்ட புத்தகத்தைத் தனியாகக் கொடுக்கலாம். செக் புத்தகம் கேட்கும் விண்ணப்பத்தில் இரண்டுக்கும் ஒவ்வொரு கட்டம் போட்டு, டிக் செய்யச் சொன்னால் போதும். ரிசர்வ் வங்கி மனது வைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்