நாங்கள் எழுதிக் கொடுத்த விலை வீட்டுக்காரரிடம் ஏன் போய்ச் சேரவில்லை?

அனுப்புநர்:
ஈஸ்ட் ஹாமில் வாடகைக்குக் குடியிருக்கும் வாடிக்கையாளர்,
நியூஹாம் பரோ, லண்டன்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
வீடு விற்பனை முகவர் நிறுவனம்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்.

பொருள்: பிளாஷெட் பூங்கா அருகே உள்ள வீட்டுக்கு நாங்கள் கொடுத்த விலையை மறைத்தது, சமூகம் பார்த்து வீடு காட்டியது குறித்த முறையான புகார்.

ஐயா / அம்மையீர்,

சென்ற மாதம் பிளாஷெட் பூங்காவுக்கு அருகில் நீங்கள் விற்பனைக்குக் காட்டிய மூன்று படுக்கையறை வீட்டுக்கு, கேட்ட விலையான 4,90,000 பவுண்டை அப்படியே தருவதாக நானும் என் மனைவியும் மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தோம். அந்த விலை வீட்டுக்காரரிடம் போகவே இல்லை. நாங்கள் விலகிக்கொண்டதாக அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். எங்களிடமோ, இன்னொருவர் 5,05,000 பவுண்டு தரத் தயாராக இருக்கிறார் என்றீர்கள். இரண்டுமே பொய். இந்தக் கடிதத்தை உங்கள் புகார் நடைமுறையின் கீழ் முறையான புகாராகப் பதிவு செய்யுங்கள். தமிழில் தொடர்பு கொள்ளலாம் என்று உங்கள் துண்டறிக்கையில் அச்சிட்டிருப்பதால் தமிழில் எழுதுகிறேன்; ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறேன்.

எங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதித்தான் உங்களிடம் பதிவு செய்தோம். மூன்று படுக்கையறை, ஃப்ரீஹோல்டு (நிலமும் சேர்ந்து சொந்தமாகும் வீடு), ஐந்து லட்சம் பவுண்டுக்குள், பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் ஒரு பூங்கா. கோயிலுக்குப் பக்கத்தில் வேண்டும் என்றோ, தமிழர்கள் இருக்கும் தெருவில் வேண்டும் என்றோ எங்கும் எழுதவில்லை. ஆனால் நீங்கள் காட்டிய வீடுகள் எல்லாம் மேனர் பார்க் சர்ச் ரோடு முருகன் கோயிலையும், ஹை ஸ்ட்ரீட் நார்த் மகாலட்சுமி கோயிலையும் சுற்றியே இருந்தன. அவற்றில் ஒன்றில் அறைக்கு ஒரு கைகழுவும் தொட்டி, கதவுக்குக் கதவு தனிப்பூட்டு. குடும்ப வீட்டைத் தடுத்துப் பலருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். நியூஹாமில் அப்படி மாற்றுவதற்குத் திட்ட அனுமதி வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பிளாஷெட் பூங்காப் பக்கமோ ஃபாரஸ்ட் கேட் பக்கமோ காட்டுங்கள் என்று கேட்டபோது உங்கள் பிரதிநிதி சொன்னது இது: "அண்ணா, அந்தத் தெருக்களில் குஜராத்திகளும் வங்காளிகளும்தான் அதிகம். அக்காவுக்குப் பேச்சுத்துணைகூட இருக்காது. நம் ஆட்கள் எல்லாரும் கோயில் பக்கம்தான் வாங்குகிறார்கள்." அவர் தமிழ்ப் பிள்ளை. அக்கறையோடுதான் சொன்னார் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் அது தவறு. என் மனைவி இந்த நியூஹாம் உள்ளாட்சிப் பகுதியில் பிரசவம் பார்க்கும் தாதி. வங்காளி, சோமாலி, ருமேனியத் தாய்மார்களின் கையைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் கண்விழிப்பவர். அவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று அவர் பேசும் மொழியை வைத்து நீங்கள் எப்படித் தீர்மானிக்கலாம்? கோயிலுக்கு நாங்கள் போகிறோம், இனியும் போவோம். அதற்கும், எங்களுக்கு எந்த வீட்டைக் காட்டுவது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

பிளாஷெட் பூங்கா அருகே உள்ள அந்த வீடு விற்பனைக்கு வந்திருப்பதை இணையத்தில் நாங்களே கண்டுபிடித்து வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் காட்டினீர்கள். கதவைத் திறந்தவர் வீட்டின் உரிமையாளரான குஜராத்தி அம்மையார். 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை வெளியேற்றியபோது பெற்றோருடன் இங்கே வந்து சேர்ந்தவர். மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்து, நீண்ட கம்பி ஒன்றில் குத்தி வைத்திருந்த ரசீதுகளை எடுத்துக் காட்டினார். பாய்லர் பராமரிப்பு ரசீதுகள் ஆண்டு வாரியாக இருந்தன. கூரை ஓடு மாற்றியது, சாக்கடைக் குழாயைச் சீர் செய்தது, பின்பக்கச் சமையலறையைக் கட்டி முடித்தபோது கவுன்சில் கொடுத்த நிறைவுச் சான்றின் நகல் என்று எல்லாமே அந்தக் கம்பியில் இருந்தன. கீழே இருந்த தாள்கள் பழுப்பேறி ஓரம் உதிர்ந்திருந்தன. ஒன்றைக்கூட அவர் எறியவில்லை. இப்படிப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய வீட்டை வாங்குவதற்கு மேலும் யோசிக்க எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அன்று மாலையே முழு விலையையும் எழுதி அனுப்பினோம். வீட்டுக் கடனுக்கு வங்கி தந்த முன் ஒப்புதல் கடிதம், முன்பணம் கையில் இருப்பதற்கான அறிக்கை, எங்கள் வழக்கறிஞரின் விவரம் எல்லாம் அதனுடன் இருந்தன. நாங்கள் முதல்முறையாக வீடு வாங்குகிறோம். வேறொரு வீட்டை விற்றுவிட்டு வர வேண்டிய நிலையும் இல்லை. வீட்டை விற்கும் எவரும் இப்படிப்பட்டவர்களைத்தான் விரும்புவார்கள். அதற்கு உங்களிடமிருந்து வந்த பதில், உங்கள் நிறுவனத்தின் கடன் ஆலோசகரைச் சந்தித்தால்தான் எங்கள் விலையை "முன்னே கொண்டுபோக" முடியும் என்பது. கடன் ஏற்பாடு ஏற்கெனவே ஆகிவிட்டது, வேண்டியதில்லை என்றோம். எங்கள் அடையாளத்தையும் பணத்தையும் சரிபார்க்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதால், கேட்ட சம்பளச் சீட்டுகளையும் மறுக்காமல் அனுப்பினோம். மறுபடியும் ஆலோசகர் பேச்சுதான். நாங்கள் மறுபடியும் மறுத்தோம்.

அதன் பிறகுதான் 5,05,000 பவுண்டுக்காரர் வந்தார். இதில் உள்ள கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. முதல்முறை வாங்குபவருக்கு 3,00,000 பவுண்டுவரை முத்திரை வரி இல்லை. அதற்கு மேல் 5,00,000 வரை 5 சதவீதம். விலை 5,00,000ஐத் தாண்டினால் சலுகை முழுவதுமே போய்விடும். 4,90,000 பவுண்டுக்கு வாங்கினால் நாங்கள் கட்ட வேண்டிய வரி 9,500 பவுண்டு. 5,05,000 என்றால் 15,250. விலையும் வரியும் சேர்ந்து இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் கூடுதல். எங்கள் உச்சவரம்பு உங்கள் பதிவில் இருக்கும்போது, அதற்குச் சற்று மேலான ஒரு தொகையைச் சொல்லி எங்களை ஒதுங்க வைத்தீர்கள். ஆலோசகரிடம் வந்தால் "பேசிப் பார்க்கலாம்" என்று அதே தொலைபேசி அழைப்பில் சொன்னதையும் மறந்திருக்க மாட்டீர்கள்.

சில நாட்கள் கழித்து அப்டன் பார்க் குயின்ஸ் மார்க்கெட்டில் காய்கறிக் கடையில் நின்ற என் மனைவியை அந்த அம்மையார் அடையாளம் கண்டுகொண்டார். "வீடு பிடித்திருக்கிறது என்று சொன்னீர்களே, பிறகு ஏன் விலையே சொல்லவில்லை?" என்று கேட்டார். நாங்கள் முழு விலைக்கு எழுதிக் கொடுத்ததை என் மனைவி சொன்னதும் அவர் நம்பவில்லை. கைபேசியில் இருந்த மின்னஞ்சலைக் காட்டிய பிறகுதான் நம்பினார். "அந்தத் தமிழ்க் குடும்பம் வேறு இடத்தில் பார்க்கிறது" என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்களாம். வந்த விலைகள் என்று அவருக்கு எழுதி அனுப்பியவற்றில் எங்களுடையது இல்லை. 5,05,000 என்ற தொகையும் இல்லை. அவர் ஒப்புக்கொண்டிருப்பது 4,80,000 பவுண்டுக்கு. வாங்குபவரின் கடனை உங்கள் ஆலோசகரே ஏற்பாடு செய்கிறார் என்பதால் "எல்லாம் விரைவாக முடியும்" என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருக்கிறீர்கள். இவற்றையெல்லாம் அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

நீங்கள் அவருடைய ஏஜென்ட். அவர் கொடுக்கும் கமிஷனில்தான் உங்கள் அலுவலகம் நடக்கிறது. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய 10,000 பவுண்டை இல்லாமல் செய்துவிட்டீர்கள். அந்தப் பத்தாயிரத்தில் உங்கள் கமிஷன் குறைவது நூறோ நூற்றைம்பதோதான். கடன் ஏற்பாடு செய்வதற்கு வங்கி தரும் தரகுத் தொகை அதைவிடப் பல மடங்கு. வேறு காரணம் இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள். என் கோபத்தில் பெரும்பங்கு எங்களுக்காக அல்ல, அந்த அம்மையாருக்காகத்தான்.

விற்பவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாலொழிய, வரும் ஒவ்வொரு விலையையும் அவருக்கு உடனடியாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது எஸ்டேட் ஏஜென்ட்கள் குறித்த 1991ஆம் ஆண்டு ஆணையில் இருக்கிறது. உங்களிடம் கடன் போன்ற வேறு சேவைகளை வாங்க மறுப்பவரைப் பாகுபடுத்தக் கூடாது என்பதும், வராத விலையை வந்ததாகச் சொல்லக் கூடாது என்பதும் அதே ஆணையில் இருக்கின்றன. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, ஒருவரின் இனத்தையோ தேசிய மூலத்தையோ காரணமாகக் கொண்டு அவருக்கு அளிக்கும் சேவையில் பாகுபாடு காட்டுவது சட்டவிரோதம்.

உங்கள் கடைக் கண்ணாடியில் தமிழ், குஜராத்தி, வங்காளம், உருது என்று பல மொழிகளில் வரவேற்புப் பலகை இருக்கிறது. அதை நம்பித்தான் உள்ளே வந்தோம். ஒவ்வொரு மொழிக்காரரையும் ஒவ்வொரு தெருவுக்கு அனுப்புவது என்றால் அந்தப் பலகை எதற்கு? அம்மையாரின் வீட்டுக்கு இடப்பக்கம் நைஜீரியக் குடும்பம், வலப்பக்கம் லித்துவேனியர். இந்த ஊர் பல காலமாக அப்படித்தான் வாழ்ந்து வருகிறது. அதைக் கெடுக்கும் வேலையை ஒரு வீடு விற்கும் நிறுவனம் செய்யக் கூடாது.

எங்கள் மின்னஞ்சல் உங்களிடம் வந்த பிறகு என்ன ஆனது, விற்பவருக்கு ஏன் அனுப்பவில்லை, 5,05,000 என்ற விலையை எழுதியவர் உண்டா என்பதற்குப் பெயர் விவரங்கள் தேவையில்லை, உண்மை மட்டும் எழுத்தில் வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எங்களைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் பதிவுகள் அனைத்தின் நகலையும் ஒரு மாதத்துக்குள் அனுப்புங்கள். எங்கள் சமூகத்தைப் பற்றி யாராவது குறிப்பு எழுதியிருந்தால் அதுவும் அதில் இருக்க வேண்டும். எங்களிடமும் அம்மையாரிடமும் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இழப்பீடு என்ன என்பதையும் உங்கள் பதிலிலேயே குறிப்பிடுங்கள். எட்டு வாரங்களுக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும், நீங்கள் உறுப்பினராக உள்ள குறைதீர்ப்புத் திட்டத்துக்கு எல்லா ஆவணங்களையும் அனுப்புவேன்.

எட்டு வாரம் காத்திருக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அந்த வீட்டின் விற்பனை ஒப்பந்தத்தை இரு தரப்பும் கையெழுத்திட்டு இன்னும் பரிமாறிக்கொள்ளவில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி அதுவரை எவரும் கட்டுப்பட்டவரில்லை. 4,80,000 பவுண்டுக்கு வாங்க முன்வந்திருக்கும் குடும்பத்தின் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களும் உங்களை நம்பி வந்தவர்கள்தான். அம்மையார் கொடுத்த வாக்கில் நிற்பதாக முடிவு செய்தால் அதை மதிப்போம். ஆனால் எல்லாம் தெரிந்த பிறகு அவரே அந்த முடிவை எடுக்க வேண்டும். ஆகவே எங்கள் 4,90,000 பவுண்டு விலை இன்றும் நிற்கிறது என்பதை, இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே அவருக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள். எங்கள் வழக்கறிஞரின் விவரம் நாங்கள் அனுப்பிய முதல் மின்னஞ்சலிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
(கையொப்பம்)