முதல் வாரத்தில் இருக்கும் மாப்ளைக்கு

பாம்பன்

அன்பு மாப்ள,

சிகரெட்டை விட்டு நாலு நாள் ஆகிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை, கை லேசாக நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, வேலை இடத்தில் சின்னப் பையனைப் பிடித்துக் காரணமில்லாமல் கத்திவிட்டேன், இதெல்லாம் நமக்கு ஒத்து வராது போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, தப்பாக நினைக்காதே. கை நடுங்குகிறது, கோபம் வருகிறது என்றால் நீ நிஜமாகவே ஒன்றுகூடப் பற்ற வைக்கவில்லை என்று அர்த்தம். ஒத்து வராது என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடு, மற்றதெல்லாம் நடக்க வேண்டிய மாதிரியேதான் நடக்கிறது.

அண்ணன் மகள் நர்சிங் படிக்கிறாள் இல்லையா, போன மார்கழியில் நான் விட்டபோது அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் விளக்கிச் சொன்னாள். புகையோடு உள்ளே போகிற நிக்கோட்டின் 10, 20 விநாடிக்குள் மூளைக்குப் போய்விடுமாம். ரத்தத்தில் இருப்பதில் பாதி 2 மணி நேரத்தில் கரைந்துவிடும், அதனால்தான் ஒன்றை அணைத்துக் கொஞ்ச நேரத்திலேயே சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்துவிடுகிறோம். விட்டு 2, 3 நாள் ஆனால் உடம்பில் அது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம், உடம்பு ரொம்ப அடம்பிடிப்பதும் அந்த நாட்களில்தான். அப்புறம் எரிச்சலும் கோபமும் 2 வாரத்திலிருந்து 4 வாரத்துக்குள் மெல்ல இறங்கும். ஆக நீ எனக்கு எழுத உட்கார்ந்த அன்றைக்கே உச்சத்தைத் தாண்டியிருக்கிறாய் மாப்ள, உனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இனிமேல் இருமலும் சளியும் முன்பைவிட அதிகமாக வரலாம், அதைப் பார்த்து, விட்டதால்தான் உடம்பு கெட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே. மூச்சுக்குழாயில் அழுக்கை மேலே தள்ளுகிற மெல்லிய மயிரிழைகள் புகையில் படுத்துக் கிடந்தவை, அவை எழுந்து வேலையைத் தொடங்கினால் சளி வரத்தானே செய்யும். வாரக்கணக்கில் இழுத்தாலோ ரத்தம் கலந்து வந்தாலோ மட்டும் உடனே டாக்டரைப் பார்.

தூக்கத்துக்கும் படபடப்புக்கும் இன்னொரு காரணம் இருக்கிறது, பல பேருக்கு அது தெரியாது. நைட் ஷிப்டில் எத்தனை டீ குடிக்கிறாய்? புகைக்கிறவனுக்கு டீ, காபியில் இருக்கிற காஃபின் உடம்பிலிருந்து வேகமாக வெளியேறிவிடும், புகையில் இருக்கிற சில பொருட்கள் ஈரலை அப்படி விரட்டி வேலை வாங்குகின்றன. புகையை நிறுத்தினால் அந்த வேகம் நின்றுவிடுகிறது, நீ வழக்கமாகக் குடிக்கிற அதே டீ உள்ளே ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபினாகத் தங்குகிறது. கை நடுக்கம், நெஞ்சுத் துடிப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் நாம் சிகரெட் இல்லாத குறை என்று எண்ணிக்கொண்டு, ஒன்று பற்ற வைத்தால் சரியாகும் என்று கடைக்கு நடக்கிறோம். உன் விஷயத்தில் பாதிக்குப் பாதி அந்த டீதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கே பாதியாகக் குறை, சாயங்காலத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம். டீக்கடைக்குப் போகிற தடவையும் பாதியாகும், சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் நடுவில் நீ போய் நிற்க வேண்டியதும் இல்லை.

எப்படித்தான் நீ விட்டாய் என்று கேட்டிருக்கிறாய். எனக்கு வைராக்கியம் அதிகம் என்று உன் மனதில் இருக்கிறது, ஆனால் நான் வைராக்கியத்தை நம்பி இறங்கவில்லை. விட வேண்டும் என்று முடிவு பண்ணியபோது முதலில் யோசித்தது எந்த நேரத்தில் நான் புகைக்கிறேன் என்பதைத்தான். வலை இழுக்கும்போது யாரும் புகைப்பதில்லை, கை சும்மா இருந்தால்தானே. வலையை விட்டு முடித்து, எஞ்சினை அணைத்து, வலையைத் திரும்ப இழுக்கிற வரைக்கும் வள்ளத்தில் படுத்தும் உட்கார்ந்தும் கிடக்கிற நேரம் இருக்கிறதே, என் சிகரெட்டெல்லாம் அங்கேதான் போனது. கரையில் பார்த்தாலும் அப்படித்தான், ஐஸ் வண்டிக்குக் காத்திருக்கையில், ஏலத்துக்குக் காத்திருக்கையில், பஸ்ஸுக்கு நிற்கையில். காத்திருக்கிற நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் நாம் பாதி வாழ்க்கை புகைத்திருக்கிறோம் மாப்ள, இதை நான் யோசித்துப் பார்த்துதான் சொல்கிறேன். ஆக விடுவது என்றால் காத்திருக்கக் கற்றுக்கொள்வதுதான் என்று எனக்குப் பட்டது.

அதற்கு இடத்தையும் பார்த்துக்கொண்டேன். தெற்குவாடியிலிருந்து வள்ளம் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் சுற்றிலும் தண்ணீர்தான், நீ எவ்வளவு துடித்தாலும் பெட்டிக்கடை கிடையாது. தீப்பெட்டிகூடக் கொண்டு போகவில்லை. கூட வருகிற மைத்துனன் புகைக்காதவன், அது பெரிய உதவி. ஆசை வந்தால் 3 நிமிடம், 5 நிமிடம், அதிகம் போனால் 10 நிமிடம், அதற்குள் தானாகவே தணிந்துவிடுகிறது, நாம் ஏதும் செய்யாவிட்டாலும் தணிகிறது. கரையில் இருந்திருந்தால் அந்த 5 நிமிடத்துக்குள் கடைக்குப் போய் வந்திருப்பேன், கடலில் அதற்கு வழியில்லாததால்தான் இதைக் கண்டுகொண்டேன். பனங்கிழங்கு சீசன் வேறு, வீட்டில் அவித்து ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டார்கள். கிழங்கை உரித்து, நடுவில் இருக்கிற தும்பை எடுத்து, நாரைப் பிய்த்துப் பிய்த்து மெல்லுவது எவ்வளவு நேர வேலை என்று உனக்குத் தெரியும், விரலுக்கும் வாய்க்கும் ஒரே நேரத்தில் வேலை. அம்பத்தூரில் இப்போது உனக்குப் பனங்கிழங்கு கிடைக்காது, தோலோடு வறுத்த வேர்க்கடலை வாங்கிப் பையில் போட்டுக்கொள், உடைத்து உடைத்துத் தின்னு. மிக்சர், பிஸ்கட் பக்கம் போகாதே. விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் 4, 5 கிலோ கூடுவது சாதாரணம், பசியும் நாக்கின் ருசியும் திரும்புவதால் அது நடக்கிறது. கூடினாலும் பயந்து திரும்பப் பற்ற வைக்காதே, எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உனக்கு அங்கே கடல் இல்லை, கம்பெனி வாசலிலேயே கடை. அப்படியானால் வாசலை மாற்று. பின்பக்கமாக வெளியே போக முடியுமா பார், முடியாவிட்டால் பர்ஸை உள்ளே வைத்துவிட்டு வெளியே வா. அந்தக் கடைக்காரரிடமே சொல்லிவிடு, அண்ணே விட்டுவிட்டேன், கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று. சொல்லிவிட்டால் கேட்பதற்கு வாய் கூசும்.

அப்புறம், ஒரேயடியாக விடாமல் ஒரு நாளைக்கு இரண்டு என்று குறைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். வேண்டாம். 2016-இல் இங்கிலாந்தில் சுமார் 700 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 4 வாரம் கழித்து 49 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தவர்களில் 39 சதவீதம். அந்த இரண்டு சிகரெட்டுக்காக நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாய், அதைவிட ஒன்றுமே இல்லாமல் இருப்பது லேசு. பீடிக்கு மாறினால் இலைதானே என்று நம்மூர்ப் பெரியவர்கள் சொல்வதையும் காதில் வாங்காதே. பீடி சீக்கிரம் அணையும், அணையாமல் இருக்க அடிக்கடி இழுத்து ஆக வேண்டும், நுரையீரலில் படிகிற தாரும் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவும் அதில் குறைவே இல்லை.

தனியாகத் தாங்கவில்லை என்றால் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கிக்கொள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெறும் பிடிவாதத்தை மட்டும் நம்புகிறவர்களைவிட இதை வைத்து விடுகிறவர்கள் அதிகம் ஜெயிக்கிறார்கள், புகையில் இருக்கிற தாரும் மற்ற விஷமும் இதில் கிடையாது. ஆனால் சும்மா சூயிங்கம் மாதிரி சவைத்துத் தள்ளினால் விக்கலும் குமட்டலும்தான் வரும். மெதுவாக மென்று, நாக்கில் காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும், காரம் போனால் மறுபடி மெல்ல வேண்டும், இப்படியே அரை மணி நேரம். டீ, காபி, ஜூஸ் குடித்து 15 நிமிடம் கழித்துத்தான் வாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஏறாது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு இருக்கிறது, காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பிடிக்கிறவர்களுக்கு 4 என்பார்கள், நீ பல் தேய்க்கும் முன்பே பிடிக்கிற ஆள். உனக்கு பிரஷர் வேறு இருக்கிறது, ஒரு தடவை டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்கு. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே 1800-11-2356 என்று ஒரு நம்பர் போட்டிருக்கும், எத்தனை வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே கிழித்தோம், அது விட நினைக்கிறவர்களுக்கான இலவச நம்பர், தமிழிலும் பேசுவார்கள். கூப்பிடு.

எனக்குப் பயமெல்லாம் டீயோ ஷிப்டோ இல்லை, ஆட்கள்தான். நம் ஊரில் அன்பு காட்டுவதே ஒன்றை நீட்டுவதில்தான் இருக்கிறது. இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது, ஜூன் 14 வரைக்கும் அவர்களுக்கு வேலையே இல்லை, படகுக்குப் பெயின்ட் அடிக்கிற இடத்திலும் வலை பின்னுகிற நிழலிலும் புகைதான். நான் நாட்டுப்படகு என்பதால் பிழைத்தேன், வேலை நிற்கவில்லை. சும்மா இருக்கிற காலத்தில் விட்டால் சுலபம் என்று பல பேர் சொல்கிறார்கள், அது தப்பு, வேலை இருக்கிற காலத்தில் விடுவதுதான் நல்லது என்று எனக்கு உறுதியாகப் படுகிறது. கரையேறினால், ஒன்றே ஒன்று இழுத்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கிறவர்கள் எல்லாருமே நல்லவர்கள்தான். அவர்களிடம் விளக்கமெல்லாம் சொல்லாதே. வேண்டாம்ணே என்று ஒரு வார்த்தை, அப்புறம் வேறு பேச்சு. அந்த ஒன்றே ஒன்றில்தான் விட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகிறார்கள்.

பாக்கெட்டில் போட்டிருக்கிற படமெல்லாம் நமக்குக் கண் பழகிப்போயிற்று. ஒரு வருடம் தாண்டினால் மாரடைப்பு ஆபத்து பாதியாகும், பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோயில் சாகிற ஆபத்து பாதியாகும் என்கிறார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் முதல் வாரத்தில் இருக்கிறவனுக்குப் பத்து வருடம் எங்கோ இருக்கிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது மூச்சுதான். கார்பன் மோனாக்சைடு ஒரு நாளைக்குள்ளேயே ரத்தத்தை விட்டுப் போய்விடுகிறது, 2 வாரத்திலிருந்து 12 வாரத்துக்குள் நுரையீரலின் வேலையும் தேறுகிறது. கடலடிப் பாறையில் வலை மாட்டிக்கொண்டால் முன்பு மைத்துனன்தான் முங்குவான், நான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாசி மாதம் நானே முங்கி எடுத்தேன் மாப்ள. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்களைப் பார்த்து நாம் சின்ன வயதில் பொறாமைப்பட்டோமே, அவர்கள் அளவுக்கு இல்லை, ஆனால் கீழே போய், கல்லிலிருந்து வலையை விடுவித்து, நிதானமாக மேலே வந்தேன். அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தை எந்த சிகரெட்டும் எனக்குக் கொடுத்ததில்லை. உனக்கும் அப்படி ஒன்று இருக்கும், மூச்சு வாங்காமல் மூன்று மாடிப் படி ஏறுவதாக இருக்கலாம், உன் மகளைத் தூக்கிக்கொண்டு நடப்பதாக இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து எனக்கு எழுது.

அம்மா நன்றாக இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். நீ விட்டதை நான் சொல்லவில்லை, நீயே சொல், உன் வாயால் கேட்க வேண்டும் அவர்கள். முழங்கால் வலி முன்பு மாதிரிதான், மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஆனியில் அக்கா மகள் கல்யாணம், பத்திரிகை வரும். புதுப் பாலம் திறந்துவிட்டதால் ரயில் நேராக பாம்பனுக்கே வருகிறது, மண்டபத்தில் இறங்கிப் பஸ் பிடிக்கிற வேலை இல்லை, இறங்கியதும் ஸ்டேஷன் வாசலில் பற்ற வைக்கிற உன் வழக்கமும் அதோடு போகட்டும். பந்தலில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட் பாக்கெட்டும் வைப்பார்கள் இல்லையா, இந்தத் தடவை அது வேண்டாம் என்று மச்சானிடம் பேசினேன், அவரும் சரி என்றுவிட்டார். நம் கூட்டாளிகளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், உனக்கு யாரும் நீட்ட மாட்டார்கள். டிக்கெட் போட்டதும் எந்த நாள் என்று சொல். சாயங்காலம் கடலுக்குப் போய்விட்டால் சிக்னல் கிடைக்காது, காலை 9 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, ஷிப்ட் முடிந்து கடைப் பக்கம் கால் போகிற நேரத்தில் கட்டாயம் கூப்பிடு.

உன்
பாம்பன் மாப்ள